எங்கள் ஆலையின் அபாயச் சங்கை நாங்களே அறுத்தது குறித்து

அனுப்புநர்:
தாக் யோங்-சுன் (வயது 58),
தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்,
முப்பத்தொன்பது மீன் பதன நிறுவனம்,
வடதுறைமுகச் சாலை, மொக்போ.

பெறுநர்:
தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்,
மண்டலத் தொழிலாளர் அலுவலகம்.

எதிர்மனுதாரர்:
மேற்படி தாக் யோங்-சுன், மற்றும் உடன் உரிமையாளர்கள் 37 பேர்.

பொருள்: குளிர்பதன இயந்திரத்தில் அம்மோனியாக் கசிவு – அபாயச் சங்கு துண்டிக்கப்பட்டது – வரும் 19ஆம் தேதிக்கு முன் அறிவிப்பின்றி ஆய்வு செய்து இயந்திர அறைக்கு முத்திரை வைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 9.9.2025 அன்று தங்கள் அலுவலகம் நான்காம் சாளரத்தில் நான் வாய்மொழியாகச் சொல்லி, பதிவு செய்ய முடியாமல் போன புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அனுப்புநர் பெயரும் எதிர்மனுதாரர் பெயரும் ஒன்றாக இருப்பது எழுத்துப் பிழை இல்லை. செவ்வாய்க்கிழமை சாளரத்தில் இருந்த இளம் அலுவலரும் முதலில் அப்படித்தான் நினைத்தார். "யார் மேலம்மா புகார்?" என்று கேட்டார். "என் மேலதான் தம்பி" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே சொன்னார்: "நீங்கதானே முதலாளி? நேரா போய் மெஷின நிறுத்திடுங்க. இதுக்கு எதுக்கும்மா அரசாங்கம்?" சட்டப்படி அவர் சொன்னது சரி. பிறகு பாவம், என் திருப்திக்காகக் கணினியிலும் ஏற்றிப் பார்த்தார். புகார் கொடுப்பவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே ஆளாக இருந்தால் அது அடுத்த பக்கத்துக்குப் போக மறுக்கிறது. ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன்.

2. நாங்கள் செய்வது ஊறல் திருக்கைத் தொழில். திருக்கை மீனைக் குளிரில் வைத்து, வாரக்கணக்கில் ஊற விட்டு, அறுத்துப் பெட்டி போட்டு அனுப்புகிறோம். கல்யாணமோ கருமாதியோ, திருக்கை இல்லாத பந்தியை இந்தப் பக்கத்தில் யாரும் பந்தி என்று சொல்வதில்லை. ஊறிய திருக்கையிலிருந்து மூக்கில் ஏறும் வாடையும், குளிர்பதனக் குழாய்களில் ஓடும் அம்மோனியாவின் வாடையும் ஒன்றே என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். வேறு எந்த ஆலையிலாவது இந்த வாடை வந்தால் ஆட்கள் ஓடுவார்கள். எங்கள் ஆலையில் பசி எடுக்கும்.

3. முன்பு இந்த ஆலை குக் முதலாளி என்பவருக்குச் சொந்தமாக இருந்தது. எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர். ஆனால் அவர் காலத்தில் அபாயச் சங்கு ஊதினால் நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு முறை ஊதியது. இரண்டு முறையும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் முற்றத்தில் போய்க் கைகட்டி நின்றோம். முன்வரிசையில் நின்றவள் நான். பழுது பார்ப்பவர் வந்து எழுத்தில் கொடுக்கும்வரை உள்ளே போகவில்லை. குக் முதலாளி வாசலில் நின்று, "மீன் அழுகுதுடி, பாவிகளா" என்று தலையில் அடித்துக்கொண்டார். அறுப்புக் கூடத்தில் எனக்கு மூத்தவரான பேங் கில்-ஜா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது: "அழுகட்டுமே. அது உங்க மீனு."

4. 2023 மார்ச்சில் குக் முதலாளி ஓய்வு பெற்றார். பிள்ளைகள் தலைநகர் சியோலில் இருக்கிறார்கள். யாருக்கும் திருக்கை வேண்டாம். ஆலையை மூடுவதா என்ற நிலையில், வேலை செய்த முப்பத்தொன்பது பேரும் சேர்ந்து வாங்கினோம். ஆளுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு வாக்கு. பெயர்ப் பலகைக்கும் அந்த எண்ணையே வைத்தோம். ஒன்பதில் முடியும் வயது கண்டம், ஒன்பதில் முடியும் எண்ணைப் பலகையில் ஏற்றாதே என்று கில்-ஜா அக்கா தடுத்தார். நாங்கள் சிரித்தோம். பன்றித் தலை வைத்து, மக்கொல்லி என்ற அரிசிக் கள் ஊற்றி, இயந்திரத்துக்குப் பூசை போட்டோம். முறைப்படி ஒரு முழுக் கருவாட்டுக்கு வெள்ளை நூல் சுற்றி, இயந்திர அறையின் நிலைக்கு மேலே செம்புக் கம்பியில் தொங்கவிட்டோம். அந்தக் கருவாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

அன்று நான் அழுதேன். முப்பத்திரண்டு வயதில் கத்தியோடு உள்ளே வந்தவள், ஐம்பத்தாறு வயதில் சாவியோடு நின்றேன். அந்த மகிழ்ச்சியைப் பொய் என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

5. வேலை செய்பவர்களே ஆலையை வாங்கும் விஷயத்தில் இப்போது நாடெங்கும் ஆர்வம் கூடியிருக்கிறது. எங்களைப் பார்க்கப் பேருந்து பேருந்தாக வருகிறார்கள். ஆகஸ்டில் மட்டும் நான்கு கூட்டம். நான்தான் சுற்றிக் காட்டுவேன். நான்கு கூட்டமும் இயந்திர அறை வாசலில் வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அடேயப்பா, இதுதான் திருக்கை வாசமா" என்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். இயந்திர அறையிலிருந்து ஊறல் அறை நூறு அடி தள்ளி இருக்கிறது. காற்று கடலிலிருந்து அடிக்கும். ஊறல் அறை வாடை அந்தப் பக்கம் வரவே வராது. எனக்கு அது தெரியும். நான்காவது கூட்டத்திடமும் சிரித்துக்கொண்டே "ஆமாம்" என்றேன்.

6. நடந்தது இது. ஜூலை 22, 25, 30 ஆகிய மூன்று நாள்களில் அபாயச் சங்கு ஊதியது. மூன்று முறையும் வெளியேறினோம். மூன்றாவது முறை திரும்பி வந்தவர்களின் முகம் நன்றாக இல்லை. பழுது பார்ப்பவர் வந்தார். கம்ப்ரசர் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையம் தேய்ந்திருக்கிறது, உறைக்குள் மறைந்திருக்கும் குழாய் இணைப்புகளும் அரித்திருக்கின்றன, கிடங்கைக் காலி செய்து ஒன்பது நாள் நிறுத்தினால்தான் பிரித்துப் பார்க்க முடியும் என்றார். சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு இரண்டு மாதம் இருந்தது. ஆண்டு வியாபாரத்தில் பாதி அந்த இரண்டு மாதத்தில்தான்.

ஆகஸ்ட் 4 அன்று கூட்டம் போட்டு வாக்கெடுத்தோம். பழுது வேலையைப் பண்டிகைக்குப் பிறகு வைத்துக்கொள்வதென்று முடிவானது. எட்டுப் பேர் எதிர்த்தார்கள். அதில் நானும் ஒருத்தி. 6ஆம் தேதி சங்கு மறுபடி ஊதியது. 7ஆம் தேதி மறுபடி கூட்டம். இந்த முறை கேள்வி வேறு: பண்டிகை முடியும்வரை சங்கின் கம்பியைக் கழற்றி வைக்கலாமா? கில்-ஜா அக்கா எழுந்து பேசினார். கத்தவில்லை, கெஞ்சுவது போலத்தான் பேசினார். "அது ஊதுறப்பல்லாம் ஓடிட்டிருந்தா யாரு வேலை செய்யறது? இது நம்ம மீனுடி. நம்ம மீன நாமளே அழுக விடுவமா?"

முப்பத்தெட்டுக் கைகள் உயர்ந்தன. அதில் என் கையும் ஒன்று. முதல் வாக்கெடுப்புக்குப் பிறகு மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் என் எதிரே யாரும் உட்காரவில்லை. அதனால் தூக்கினேன். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

எதிர்த்தவர் ஒரே ஒருவர்: இயந்திர அறையைப் பார்த்துக்கொள்ளும் ஓக் போங்-சு அண்ணன். வயது அறுபத்தொன்று. வாயைத் திறக்காத மனிதர். தனியாகக் கை தூக்கி நின்றவரைப் பார்த்து, "என்ன அண்ணே, பொண்டாட்டி சத்தம் மாதிரி சங்குச் சத்தமும் இல்லாம தூக்கம் வராதா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். எதிர்மனுதாரர் பட்டியலில் என்னைத் தவிர 37 பேர் மட்டும் இருப்பது இதனால்தான்.

7. மேலே சொன்ன பூசைக் கருவாடு ஜூலையிலேயே ஒரு முறை கீழே விழுந்தது. புதுக் கம்பியில் கட்டினோம். ஆகஸ்ட் 14 அன்று மறுபடி விழுந்தது. கம்பி அறுந்த இடத்தில் நீலம் பூத்திருந்தது. சிலர் அபசகுனம் என்றார்கள். கில்-ஜா அக்கா, "திருக்கை மூச்சு பட்டா செம்பு நீலமாத்தான் ஆகும். அம்பது வருசமா பாக்குறேன்" என்று முடித்துவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகஸ்ட் 20 அன்று ஒரே சுருளிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை ஊறல் அறை வாசலிலும் மற்றொன்றை இயந்திர அறை வாசலிலும் கட்டி, இரண்டிலும் ஒரே எடையுள்ள கத்தியைத் தொங்கவிட்டேன். பதினொன்றாம் நாள் இயந்திர அறைக் கத்தி தரையில் கிடந்தது. ஊறல் அறைக் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. கம்பி கொஞ்சம் மங்கியதோடு சரி. இரண்டு துண்டுகளையும் உறையில் வைத்திருக்கிறேன். பார்த்தால் விளங்கும்.

8. இன்னொன்று. இந்த ஆண்டில் அம்மோனியா ஏற்கெனவே ஒரு முறை நிரப்பியாகிவிட்டது. அளவு மறுபடி இறங்கியிருப்பதால் 19ஆம் தேதி டேங்கர் வருகிறது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி ஓட வேண்டிய சரக்கு எங்கே போகிறது என்று கூட்டத்தில் வேறு ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டதற்கு, டேங்கர் எத்தனை மணிக்கு வரும் என்றுதான் பதில் வந்தது. நிரப்பியதும் பண்டிகைச் சுமைக்காக இரண்டாவது கம்ப்ரசரையும் சேர்த்து ஓட்டுவார்கள். பழைய குழாயில் அழுத்தம் ஏறும். 24ஆம் தேதி ஐந்தாவது கூட்டம் பார்க்க வருகிறது. தங்கள் முதலாளி ஓய்வு பெறுவதால் ஆலையை வாங்க நினைக்கும் தொழிலாளர்கள், நாற்பது பேர். அவர்களையும் அந்த வாசலில் நிறுத்திச் சிரிக்க வைக்க என்னால் முடியாது.

9. இப்போது நான் எழுதப்போவது, வெளியில் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த விஷயம்.

செப்டம்பர் 2 அன்று மதியம், ஒரு கல்யாண வீட்டுக்கு அனுப்பப் பக்குவம் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு தட்டு: ஒன்று இளசாக ஊறியது, ஒன்று அன்று காலை வந்த பச்சை மீன். போங்-சு அண்ணன் சும்மா அந்தப் பக்கம் வந்தார். ஒரு துண்டு எடுத்து, பன்றிக்கறியோடும் பழைய கிம்ச்சியோடும் சேர்த்து மென்று, "நல்லா ஊறியிருக்கு, அனுப்புங்க" என்றார். அவர் தின்றது பச்சை மீன். மொக்போவில் பிறந்தவர் அதில் தவறுவதும் சொந்த வீட்டு வாசலைத் தவறவிடுவதும் ஒன்றுதான். மற்றவர்கள் வேடிக்கை என்று நினைத்தார்கள்.

மாலையில் இயந்திர அறைக்குப் போய்க் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்: "மூணு வருசம் ஆச்சு, தலைவரம்மா. அந்தக் கொரோனாக் காய்ச்சல்ல போன மூக்கு திரும்பி வரல. கண்ணு எரியற அளவுக்கு வந்தா தெரியும். அதுக்கு முன்னால வர்றது தெரியாது." அந்தச் சங்குதான் அவருக்கு மூக்காக இருந்திருக்கிறது. அதைக் கழற்றத்தான் நான் கை தூக்கியிருக்கிறேன்.

ஏன் கூட்டத்தில் சொல்லவில்லை என்று கேட்டேன். "மூக்கு போன மெஷின்காரன யாரு வெச்சுப்பா? நானும் முதலாளிதான். ஆனா இப்படி ஒரு ஆள நானே வேலைக்கு வெச்சுக்க மாட்டேனே" என்றார். அப்போதும் சிரித்தார்.

இப்போது அவர் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கந்தகக் குச்சியைக் கொளுத்திக் குழாய் நெடுகப் பிடித்துக்கொண்டு போகிறார். கசியும் இடத்தில் புகை வெள்ளையாகத் திரளும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கிறார். ஆகஸ்டில் மூன்று இடத்தில் திரண்டது. இந்த வாரம் ஏழு இடம், எனக்குக் காட்டினார். ஏழு இடத்திலும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வைத்திருக்கிறார். "இங்க உக்காராதீங்க அண்ணே, வெளிய வந்துடுங்க" என்று கையைப் பிடித்தேன். "முப்பத்தெட்டு பேரு கை தூக்கிட்டீங்க. தோத்தவனும் முதலாளிதானே. உக்கார வேண்டியதுதான்" என்று கையை விடுவித்துக்கொண்டார்.

10. தலைவர் என்ற முறையில் என்ன செய்தாய் என்று தாங்கள் கேட்கலாம். இயந்திரத்தை ஒரு நாள் நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டு. மறுநாள் கூட்டம் கூடி அதை ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. என்னையும் சேர்த்தே ரத்து செய்யலாம். செப்டம்பர் 3 மாலை, எல்லோரும் போன பிறகு, சங்கின் கம்பியை நானே மாட்டினேன். 4ஆம் தேதி காலையில் பார்த்தேன்: கம்பி கழற்றப்படவில்லை, இரண்டு இடத்தில் அறுக்கப்பட்டிருந்தது. அறுத்த முனைகளில் ஒட்டுநாடா ஒழுங்காகச் சுற்றியிருந்தது. அறுத்தவர் பொறுப்பான ஆள். காலைக் கூட்டத்தில் கேட்டேன். ஒருவரும் தலை குனியவில்லை. எல்லோரும் என்னை நேராகப் பார்த்தார்கள். அன்று முதல் எனக்கு அவர்களைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. எல்லாரும் நல்லவர்கள் ஐயா. கில்-ஜா அக்கா என் பிரசவத்தில் கூட இருந்தவர்.

மருமகள் உடைத்தால் பொன்சட்டி, மாமியார் உடைத்தால் மண்சட்டி என்பார்கள். குக் முதலாளி காலத்தில் சங்கு ஊதினால் குற்றம். எங்கள் காலத்தில் அது வெறும் சத்தம். அன்று கைகட்டி நிற்க எங்களுக்கு எதிரில் ஒரு ஆள் இருந்தார். இன்று முற்றத்தில் போய் நின்றால் யாரைப் பார்த்து நிற்பது? இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல நான் வரவில்லை. அடுத்த ஆலையையும் அதன் ஆட்களே வாங்கட்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எங்களுக்கு எதிரில் நிற்க ஒரு ஆள் வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மனு.

11. ஆகவே பணிவுடன் வேண்டுவது:

(அ) 19ஆம் தேதிக்கு முன், எனக்கும் சொல்லாமல், ஆய்வுக்கு வரவும். முன்கூட்டித் தெரிந்தால் அறையைக் கழுவி, காற்றாடியைப் போட்டு வைத்துவிடுவோம். இதில் எங்களுக்குப் பழக்கம் உண்டு.

(ஆ) யாராவது "திருக்கை வாடை" என்று சொன்னால், நம்ப வேண்டாம். சொல்பவள் நானாக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

(இ) இயந்திர அறைக்கு அரசு முத்திரை வைக்கவும். தங்கள் முத்திரை மேல் நாங்கள் வாக்கெடுக்க முடியாது.

(ஈ) வழக்கு என்று வந்தால் முதல் பெயராக என் பெயரை எழுதவும். சிறை எனக்கும் பயம்தான். இருந்தும் எழுதவும்.

(உ) ஓக் போங்-சு அண்ணனின் மூக்கைப் பற்றி ஆலையில் எவரிடமும் சொல்ல வேண்டாம். பத்தி 9ஐ மற்றவர்களுக்குக் கொடுக்கும் நகலிலிருந்து நீக்கவும். அவருக்கு நான் கொடுத்த வாக்கைத் தங்களிடம் மட்டும் மீறியிருக்கிறேன்.

எங்கள் வாசல் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. பெயர்ப் பலகை பெரிது; ஆளுக்கு ஒரு கோடு என்று எல்லோரும் தூரிகை பிடித்து எழுதியது. தாங்கள் வரும்போது அதன் கீழே ஒரு நிமிடம் நின்று, பலகையில் உள்ள எண்ணையும் உள்ளே இருக்கும் தலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு சரியாக இருக்கும்போதே வந்துவிடுங்கள், ஐயா.

தங்கள் வருகையை வாசலில் எதிர்பார்த்து,

(ஒப்பம்)
தாக் யோங்-சுன்
மனுதாரர், முதல் எதிர்மனுதாரர்

இடம்: மொக்போ
நாள்: 11.9.2025

இணைப்பு:
1. செம்புக் கம்பித் துண்டுகள் – இரண்டு (எது எந்த வாசல் என்று சீட்டு கட்டியிருக்கிறது).
2. ஆகஸ்ட் 7 கூட்டத் தீர்மானத்தின் நகல், 38 கையொப்பங்களுடன்.
3. ஆகஸ்ட் மாதப் பார்வையாளர்கள் இயந்திர அறை வாசலில் எடுத்த புகைப்படம் – ஒன்று. மூக்கைப் பிடிக்காமல் சிரித்துக்கொண்டிருப்பவள் நான். பின்னால் கதவுக்குள் உட்கார்ந்திருப்பவர் போங்-சு அண்ணன்.
4. இயந்திர அறைப் பின்கதவின் சாவி – ஒன்று.